மூன்று நகல், ஒரே ரேக்

அத்தியாயம் 7

அன்று காலை பட்டாபிராமனின் அறையில் இரண்டு பேர் கையெழுத்துப் போட மறுத்தார்கள். ஒருத்தி அவரிடம் சம்பளம் வாங்குகிறவள். இன்னொருவர் அவரே கூப்பிட்டு வரவழைத்தவர். கதவோரம் நின்று இரண்டையும் பார்த்த காலேபுக்கு, பண்டிகைக் கூட்டத்தில் பெருங்களத்தூர் சிக்னல் பச்சைக்கு மாறியது போல மனசு குளிர்ந்தது.

முதலில் மறுத்தவள் கெசியா. கூடுவாஞ்சேரிப் பெண். ஜி.எஸ்.டி. சாலை நெடுக இருக்கும் ஸ்கேன் சென்டர்கள் எடுக்கிற படங்களையெல்லாம் வாங்கிப் பத்திரமாக வைத்துத் தருவதுதான் பட்டாபிராமன் கம்பெனியின் தொழில். அதற்காகக் கூட்டாக வேலை செய்யும் பதினெட்டு சர்வர்களையும் கட்டி மேய்த்தவள் அவள். போன வாரம் சர்வர் அறையில் ஏசியின் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டு முதல் ரேக்கின் தலையில் விடிய விடியக் கொட்டியது. அந்த இரும்பு அலமாரியில் இருந்த சர்வர்கள் அத்தனையும் பொசுங்கின. அதோடு நோயாளிகளின் படங்களில் மூன்றில் ஒரு பங்கும் போய்விட்டது. ஒரு ரேக் செத்தாலும் ஒரு படம்கூடச் சாகாது என்று சொல்லித்தான் அந்தக் கம்பெனி இத்தனை வருஷம் பிழைப்பு நடத்தியது.

தப்பு என்னுடையதுதான் என்று ஒரு மன்னிப்புக் கடிதத்தில் கெசியா கையெழுத்துப் போட்டுவிட்டால் சத்தமில்லாமல் வேலையை விட்டுப் போகலாம். போடாவிட்டால் போலீஸ் புகார், கூடவே இந்தத் தொழிலில் இனி யாரும் அவளை வாசல் மிதிக்க விடாதபடி ஊருக்கெல்லாம் ஒரு கடிதம். மாலை வரை அவகாசம் கொடுத்திருந்தார் பட்டாபிராமன். பெரிய மனசு அவருக்கு.

"மாலை வரைக்கும் எதுக்கு சார்? இப்பவே சொல்றேன். நான் செய்யாத தப்புக்கு என் கையெழுத்து கிடையாது. போலீஸ் ஸ்டேஷன்ல கூப்பிட்டுக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்."

இரண்டாவதாக மறுத்தவர் சுந்தரவல்லி. மேற்குத் தாம்பரத்தில் டயர் கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை வைத்துத் துப்பறிகிறவர். காலேப் அவருடைய உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருகிறவன், வாய் ஓயாதவன். விசாரணையை வெளியாள்தான் செய்ய வேண்டும் என்று ஸ்கேன் சென்டர்காரர்கள் பிடிவாதம் பிடித்ததால் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்ட கையோடு விசாரணை அறிக்கையையும் பட்டாபிராமனே தயார் செய்து வைத்திருந்தார். குற்றவாளி கெசியா. அவளுடைய கவனக்குறைவு. கீழே சுந்தரவல்லியின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

சுந்தரவல்லி அதை முழுசாகப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சார், நான் பாத்ததுக்குத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். இதைப் பாத்தது நீங்க. நீங்களே போட்டுக்கோங்க" என்றார்.

பட்டாபிராமன் கோபப்படவில்லை. கோபப்படாத முதலாளியிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது காலேபின் அனுபவம். மேஜை இழுப்பறையிலிருந்து மூன்று வாக்குமூலங்களை எடுத்து அவர் வரிசையாகப் பரப்பினார். நிர்வாகம் பார்க்கும் உமேஷ் கொடுத்தது ஒன்று, ஹெச்.ஆர். சின்மயி கொடுத்தது ஒன்று, அக்கவுண்ட்ஸ் கீதா கொடுத்தது ஒன்று. மூன்றிலும் சொல்லப்பட்டது ஒரே விஷயம்தான். சர்வர் அறையில் இருக்கும் மூன்றாவது ரேக் வாங்கின நாளிலிருந்தே காலி, அதில் ஒரு சர்வரைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் கெசியா கம்ப்யூட்டரில் எழுதி வைத்த பட்டியலோ அந்த ரேக்கில் ஆறு சர்வர்கள் இருப்பதாகச் சொல்கிறது. வாரத்தில் முக்கால்வாசி நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவள், நேரில் வந்து பார்க்காமல் கூடுவாஞ்சேரியில் உட்கார்ந்து இஷ்டத்துக்கு அடித்துவிட்டாள். அதனால்தான் இந்த நாசம்.

"மூணு சாட்சி மேடம். இதுக்கு மேல என்ன வேணும்?" என்று அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

அறை அப்படிக் குளிர்ந்தது. காலேப் இரண்டு கைகளையும் அக்குளில் சொருகிக்கொண்டு குளிர் வருகிற திசையை நிமிர்ந்து பார்த்தான். முதலாளியின் தலைக்கு நேர் மேலே ஏசி. அதன் நெற்றி நடுவில் பச்சை நிறத்தில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

"அக்கா, ஏசிக்குப் பொட்டு வெச்சி உக்கார வெச்சிகீறாங்க. பொண்ணு பாக்க வராங்களா?" என்றான் மெதுவாக.

ஆயுத பூஜை அன்றைக்கு ஒட்டியதாக இருக்கும் என்று பட்டாபிராமன் எரிச்சலோடு சொல்லிவிட்டு ஃபைலைப் புரட்டினார். சுந்தரவல்லி ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுந்தார். மாலை ஸ்கேன் சென்டர்கள் சார்பில் வருகிற டாக்டர் முன்னால் தன் அறிக்கையைத் தானே வாசிப்பதாகச் சொன்னார். அது வரைக்கும் இந்தப் பெண் தன்னோடு இருக்கட்டும் என்று கெசியாவையும் கையோடு அழைத்துக்கொண்டார்.

சர்வர் அறையை உமேஷ்தான் திறந்து விட்டான். நாற்பது வயதிருக்கும், சட்டைப் பையில் நாலு பேனா, யார் கேள்வி கேட்டாலும் தரையைப் பார்த்துப் பதில் சொல்கிறவன். உள்ளே ஆளுயரத்துக்கு மூன்று ரேக்குகள். முதலாவது ரேக்கில் ஒன்றுமில்லை, தண்ணீர்க் கறைதான் இருந்தது. நடுவில் இருந்தது இன்னும் உயிரோடு இரைந்துகொண்டிருந்தது. அதிலிருந்த சர்வர்கள் ஒவ்வொன்றின் முகப்பிலும் மெரூன் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. ரேக்கின் கதவிலும் அதே மெரூன். மூன்றாவது ரேக் துடைத்து வைத்தது போலக் காலி. அதன் கதவில் மட்டும் பச்சையாக ஒரு பொட்டு. பூஜை என்றால் எல்லாவற்றுக்கும்தானே செய்வார்கள் என்றான் உமேஷ், யாரும் கேட்காமலேயே.

காலேபுக்கு ஒரு சந்தேகம் தொண்டையில் நின்றது. சர்வர் எந்த அலமாரியில் இருந்தால் என்ன, படம் இருந்தால் போதாதா என்று கெசியாவிடம் கேட்டான். அவளுக்கு அந்த நிலைமையிலும் பாடம் நடத்தப் பொறுமை இருந்தது.

"ஒவ்வொரு படத்தையும் மூணு காப்பியா வெப்போம் அண்ணா. மூணும் ஒரே ரேக்ல இருந்து அந்த ரேக் போச்சுன்னா மூணும் போச்சு. அதனால ஒரு காப்பி ஒரு ரேக்ல, மத்த ரெண்டும் வேற ரேக்ல. இதை சிஸ்டமே பாத்துக்கும். ஆனா எந்த சர்வர் எந்த ரேக்ல இருக்குன்னு பாக்க அதுக்குக் கண்ணு கிடையாது. நாமதான் எழுதிக் குடுக்கணும். ரேக் அவேர்னெஸ்னு பேரு. நாம எழுதினதை அது அப்படியே நம்பும்."

"வூட்டுப் பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்து மாமியார் வூட்டுல குடுத்து வெக்கிற மாதிரி. நம்ம வூடு எரிஞ்சாலும் அங்க கீது."

"சரிதான்" என்றார் சுந்தரவல்லி. "மாமியார் சொல்லாம கொள்ளாம பெட்டியோட உன் வீட்டுக்கே குடி வந்துட்டா?"

"அப்போ பத்திரமும் காலி, நானும் காலி."

சிரித்தது காலேப் மட்டும்தான். கெசியா சுந்தரவல்லியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூலை மாதம் இதே அறையில் ஒவ்வொரு சர்வர் முன்னாலும் நின்று, அதன் நம்பரைப் படித்துப் படித்துத்தான் அந்தப் பட்டியலை எழுதினேன் என்றாள். அன்றைக்குக் கதவைத் திறந்து விட்டதுகூட உமேஷ்தான். உமேஷ் தரையில் எதையோ தேடினான். அப்படி ஒரு நாள் தனக்கு நினைவில்லை என்றான்.

சுந்தரவல்லி மூன்றாவது ரேக்குக்கு மேலே சுவரைக் காட்டினார். ஒரு பெரிய சதுரத்துக்குப் புது வெள்ளையடித்திருந்தது. பக்கத்தில் குழாய் போகிற அளவுக்கு ஓர் ஓட்டை, அதில் நியூஸ் பேப்பர் திணித்திருந்தது. முன்பு எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்த இடம் என்றான் உமேஷ். தண்ணீரில் நனைந்த சர்வர்கள் எங்கே என்று அவர் கேட்டதும் அவனுக்கு வியர்த்தது. திருமுடிவாக்கத்தில் தனசிங் என்பவருடைய ஷெட்டுக்குப் போய்விட்டன, மத்தியானத்துக்குள் மெஷினில் போட்டு நசுக்கிவிடுவார்கள், முதலாளி உத்தரவு என்று முனகினான்.

கெசியாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. போர்டு பொசுங்கியிருந்தாலும் உள்ளே இருக்கும் டிஸ்க்குகளிலிருந்து படங்களை மீட்க வழியிருக்கிறது, நசுக்கிவிட்டால் எந்தச் சாமி வந்தாலும் முடியாது என்றாள். தன் பெயர் கெட்டதைச் சொன்னபோது நடுங்காத குரல் இப்போது நடுங்கியது. காலேபுக்கு அந்தப் பெண்ணை மிகவும் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

மழை பிடித்துக்கொண்டது. பைபாஸில் காலேபின் பைக் முன்னால் போக, கெசியாவின் ஸ்கூட்டி பின்னால் வந்தது. பின்சீட்டில் குடையைப் பிடித்திருந்த சுந்தரவல்லி, குடை காற்றில் மடங்கியதும் அதை அப்படியே அக்குளில் இடுக்கிக்கொண்டு நனைந்துகொண்டே வந்தார். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்குள் நுழைந்ததும் தகரம் அறுக்கிற சத்தம் மழையையும் மீறிக் கேட்டது.

தனசிங் ஆறடி உயரம், குரல் ஏழடி. ஆபீசிலிருந்து கடிதம் இல்லாமல் ஒரு ஆணியைக்கூடத் தொட விட மாட்டேன் என்று மறித்துக்கொண்டார். பின்னால் பிரஸ் மெஷின் சூடேறிக்கொண்டிருந்தது. அதன் காலடியில் பன்னிரண்டு சர்வர்கள் குவிந்து கிடந்தன. கலெக்டர் ஆபீசிலிருந்து வந்திருக்கிறோம் என்று காலேப் அவிழ்த்துவிட்ட பொய் மழையில் நனைந்த பட்டாசாகப் போயிற்று. சுந்தரவல்லி தனசிங்கைச் சுற்றிக்கொண்டு நேராகப் போய், அந்தக் குவியலின் மேல் ஏறி உட்கார்ந்தார். ஈரப் புடவையைப் பிழிந்துவிட்டார். கெசியாவும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஓட்டுங்க மெஷினை. நாங்க எழுந்திரிக்கப் போறதில்ல" என்றார் சுந்தரவல்லி.

தனசிங் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாம்மா இது காலங்காத்தால பேஜாரு" என்று தலையைச் சொறிந்தார். யாருடைய பொருள், எதற்காக அவசரம் என்று கெசியா அவருக்கு எடுத்துச் சொன்னாள். இதில் வயிற்றுப் பிள்ளைகளின் ஸ்கேனும் இருக்கிறது, புற்றுநோய்க்காரர்கள் போன வருஷத்துப் படத்தோடு இந்த வருஷத்துப் படத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதும் இருக்கிறது என்றாள். பழைய இரும்பு என்றுதானே என்னிடம் சொன்னார்கள் என்று தனசிங் கெட்ட வார்த்தை ஒன்றைப் பாதியில் விழுங்கினார். மெஷின் நின்றது.

அதற்குப் பிறகு சுந்தரவல்லி செய்தது காலேபுக்குக் கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. அவள் எழுதிய பட்டியலை ஃபோனில் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும்படி கெசியாவிடம் சொன்னார். காலேப் ஒவ்வொரு சர்வராக எடுத்து அதன் நம்பரைக் கூவ வேண்டும். அது எந்த ரேக் என்று கெசியா பட்டியலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தான் வெறுமனே பார்ப்பதாகச் சொன்னார்.

முதல் நம்பருக்கு ஒன்றாவது ரேக் என்றாள் கெசியா. காலேப் கையிலிருந்த சர்வரின் முகப்பில், தண்ணீரில் ஊறி ஓரம் சுருண்டு, ஆனாலும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு ஸ்டிக்கர் பொட்டு. சிவப்பு. அடுத்ததற்கு மூன்றாவது ரேக் என்றாள். பொட்டு பச்சை. அதற்கடுத்து மறுபடி மூன்று, மறுபடி பச்சை. அவள் ஒன்று என்று சொன்னால் சிவப்பு, மூன்று என்று சொன்னால் பச்சை. பாதிக் குவியல் முடிவதற்குள் காலேபின் குரல் தானாகவே ஏறிவிட்டது. கடைசி சர்வர் வரைக்கும் ஒன்றுகூடத் தப்பவில்லை.

"அக்கா, இன்னாக்கா இது? பாக்காமலே பொட்டோட கலரை..."

"வாயை மூடு. இன்னும் ஒரு ஆள் சொல்லணும்" என்றார் சுந்தரவல்லி. பிறகு கெசியாவைத் திருப்பி நிறுத்தி, இந்தப் பொட்டுகளை யார் ஒட்டியது என்று கேட்டார்.

கெசியாவுக்குத் தெரியவில்லை. அலுவலகத்துப் பூஜை அன்றைக்கு அவள் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தாள். அதற்கு முந்தின வருஷம் சர்வர்களுக்கு வைத்த குங்குமம் ஃபேன் வழியாக உள்ளே போய் ஒன்று செத்துப்போனதால், இந்த வருஷம் பொடியாக எதுவும் வைக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் ஒரு மெயில் போட்டிருந்தாள். அவளுக்கும் அந்தப் பூஜைக்கும் அவ்வளவுதான் சம்பந்தம். சர்வருக்குப் பொட்டு இருப்பதையே இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றாள்.

சுந்தரவல்லி முதல் தடவையாகச் சிரித்தார். சிவப்புப் பொட்டு வைத்த சர்வர் ஒன்றையும் பச்சைப் பொட்டு வைத்தது ஒன்றையும் சாக்கில் சுற்றச் சொன்னார். மீதியைத் தன் உயிர் இருக்கிற வரைக்கும் யாரும் தொட முடியாது என்று தனசிங் ஷெட்டின் ஷட்டரை இறக்கிப் பூட்டினார்.

மாலையில் பட்டாபிராமனின் அறை நிறைந்திருந்தது. ஸ்கேன் சென்டர்கள் சார்பில் டாக்டர் விஷ்ணுப்ரியா வந்திருந்தார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். உமேஷ், சின்மயி, கீதா மூன்று சாட்சிகளும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். கண்ணாடி மேஜையின் மேல் மன்னிப்புக் கடிதமும் அதன் மேல் ஒரு பேனாவும் தயாராக இருந்தன. காலேப் சாக்கை அவிழ்த்து இரண்டு சர்வர்களையும் அந்த மேஜைமேலேயே இறக்கி வைத்தான். அழுக்குத் தண்ணீர் வழிந்து கடிதத்தைத் தொட்டது. அதற்காக அவன் வருத்தப்படவில்லை.

சுந்தரவல்லி நேராகச் சின்மயியிடம் போனார். இருபத்தைந்து வயதுப் பெண், கையில் எப்போதும் ஃபோன். இந்தப் பொட்டு யார் வாங்கியது என்று சாதாரணமாகக் கேட்டார், கடைக்கு வழி கேட்பது போல.

நான்தான் என்றாள் சின்மயி, கொஞ்சம் பெருமையாகவே. பொடி வேண்டாம் என்று கெசியா மெயில் போட்டிருந்ததால், தாம்பரம் சண்முகம் ரோட்டில் ஸ்டிக்கர் பொட்டு மூன்று அட்டை வாங்கினாளாம். "ரேக்குக்கு ஒரு அட்டை மேடம். பாக்க அழகா இருக்கும்னு கலரை மாத்தி மாத்தி வாங்கினேன். ஃபர்ஸ்ட் ரேக்குக்கு செவப்பு, நடுவுல மெரூன், லாஸ்ட் ரேக்குக்குப் பச்சை."

"லாஸ்ட் ரேக்ல எதுக்கு ஒட்டினீங்க? வெறும் கதவுக்கா?"

"இல்லியே. கதவுக்கு ஒண்ணு, உள்ள இருந்த ஆறு சர்வருக்கும்..."

அங்கே நின்றுவிட்டாள். சுந்தரவல்லி அவளுடைய வாக்குமூலத்தை எடுத்து அவள் கையிலேயே கொடுத்து வாசிக்கச் சொன்னார். மூன்றாவது ரேக்கில் ஒரு சர்வரைக்கூடப் பார்த்ததில்லை என்கிற வரி வந்ததும் சின்மயியின் கண் நிரம்பியது. வெறும் ஃபார்மாலிட்டி என்று சார் சொன்னார், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும்தான் பார்த்தேன் என்றாள். பக்கத்தில் நின்ற கீதாவும் மெல்லத் தலையாட்டினாள். அவளுக்கும் அதே சார், அதே ஃபார்மாலிட்டி.

டாக்டருக்குப் புரியும்படி சுந்தரவல்லி சொன்னார். ஜூலையில் கெசியா பட்டியல் எழுதியபோது மூன்றாவது ரேக்கில் ஆறு சர்வர்கள் இருந்தன. அக்டோபரில் சின்மயி பொட்டு ஒட்டியபோதும் இருந்தன. அதற்குப் பிறகு யாரோ அந்த ஆறையும் கழற்றி முதல் ரேக்கில் சொருகிவிட்டார்கள். கம்ப்யூட்டரிடம் யாரும் சொல்லவில்லை. அது தொலைந்த படங்களின் மூன்று நகல்களும் ஒன்றாவது ரேக்கிலும் மூன்றாவது ரேக்கிலுமாகப் பிரிந்து பத்திரமாக இருப்பதாக நம்பிக்கொண்டே இருந்தது. மூன்றும் ஒரே குழாய்க்கு அடியில் இருந்தன.

பட்டாபிராமன் எழுந்து நின்றார். அவர் முகத்தில் அதிர்ச்சி அவ்வளவு சுத்தமாக இருந்தது. "உமேஷ், எனக்குத் தெரியாம இப்படி ஒரு காரியம் பண்ணியா?" என்று கேட்டார். முதலாளி நிறுத்தவில்லை. இந்த நிமிஷமே உன்னை வேலையை விட்டு நீக்குகிறேன் என்றார். கெசியாவிடம் திரும்பிக் கை கூப்பினார். டாக்டரிடம், தானும் ஏமாற்றப்பட்டவன்தான் என்றார். விசாரணை அருமையாக நடந்தது என்று சுந்தரவல்லியைப் பாராட்டினார். டாக்டர் விஷ்ணுப்ரியாகூடத் தலையசைத்துவிட்டார். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று காலேபும் நினைத்தான்.

"ஒரு நிமிஷம்" என்றார் சுந்தரவல்லி. "காலேப், காலைல ஒரு ஜோக் அடிச்சியே. அதைத் திரும்பச் சொல்லு."

நாலு வருஷ உத்தியோகத்தில் அவன் ஜோக்கைத் திரும்பச் சொல்லும்படி அக்கா கேட்டது அதுதான் முதல் தடவை. என்ன ஜோக் என்று யோசித்தபடியே நிமிர்ந்தான். அப்புறம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அறையில் எல்லோரும் அவன் பார்த்த இடத்தைப் பார்த்தார்கள்.

முதலாளியின் தலைக்கு மேலே, ஏசியின் நெற்றியில், பச்சைப் பொட்டு.

சின்மயிதான் பேசினாள். இந்தத் தடவை அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. "அது லாஸ்ட் ரேக்குக்கு மேல இருந்த ஏசி. ஸ்டூல் போட்டு ஏறி நான்தான் ஒட்டினேன். சார் ரூம்ல நான் எதுக்குமே பொட்டு வெக்கல. அன்னிக்கு சார் ரூம் பூட்டி இருந்துச்சு."

உமேஷ் தரையைப் பார்ப்பதை விட்டு நிமிர்ந்தான். வேலை போன மனுஷனுக்கு அதற்கு மேல் இழக்க ஒன்றுமில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் முதலாளி அறை ஏசி கெட்டுப்போனது. புதுசு வருகிற வரைக்கும் பொறுக்க முடியாமல் சர்வர் அறையில் இருந்த ஏசியைக் கழற்றித் தன் அறையில் மாட்டச் சொன்னார். சுவரில் அந்த வெள்ளைச் சதுரம் அதுதான். ஏசி போனதும் மூன்றாவது ரேக் கொதித்தது. மின்சாரப் பராமரிப்பு என்று எல்லோரிடமும் சொல்லி, தீபாவளி விடுமுறையில் ஆறு சர்வர்களையும் முதல் ரேக்குக்கு மாற்ற வைத்தார்.

"கெசியாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன் சார்னு கேட்டேன்" என்றான். "வேணாம், அந்தப் பொண்ணு ஒத்துக்காதுன்னு சொன்னாரு."

அதைக் கேட்டதும் கெசியாவின் தோள் நிமிர்ந்தது. ஒரு வாரமாக அவளைப் பற்றி இந்த அலுவலகத்தில் சொல்லப்பட்டவற்றில் அது ஒன்றுதான் உண்மை.

பட்டாபிராமனுக்கு ஏசியில் வியர்த்தது. தனக்கு மூன்று சாட்சி இருப்பதாக இன்னும் ஒரு தரம் ஆரம்பித்தார். பழக்க தோஷம்.

"உங்க மூணு சாட்சியும் உங்க ஒருத்தர் வாயில இருந்து வந்தது சார்" என்றார் சுந்தரவல்லி. "நீங்க விழுந்ததும் மூணும் சேந்து விழுந்துடுச்சு. இந்தப் பொண்ணுக்கு ரெண்டே சாட்சி. அவ எழுதின பட்டியல் சின்மயிக்குத் தெரியாது. சின்மயி ஒட்டின பொட்டு அவளுக்குத் தெரியாது. ரெண்டும் ஒரே விஷயத்தைச் சொல்லுது. இதுக்கு வேணும்னா நான் கையெழுத்துப் போடறேன்."

டாக்டர் விஷ்ணுப்ரியா கெசியாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். படங்கள் திரும்பக் கிடைக்குமா? டிஸ்க்குகள் நசுங்காமல் திருமுடிவாக்கத்தில் பூட்டின ஷட்டருக்குள் இருக்கின்றன, பெரும்பாலானதைப் படிக்க முடியும் என்று நம்புகிறேன், நாளைக்கே ஆரம்பிக்கலாம் என்றாள் கெசியா. டாக்டர் அப்போதுதான் நாற்காலியில் முழுசாகச் சாய்ந்தார்.

பட்டாபிராமன் குரலைத் தாழ்த்தினார். நடந்தது நடந்துவிட்டது, வெளியே தெரிந்தால் கம்பெனிக்குத்தான் அசிங்கம், உள்ளுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார். கெசியா கேட்கிற பதவி, கேட்கிற சம்பளம். அந்த மன்னிப்புக் கடிதத்தைத் தானே கிழித்துப் போட்டுவிடுவதாகக் கையை நீட்டினார்.

கெசியா அதற்கு முன் அதை எடுத்துக்கொண்டாள். ஈரத்தை உதறினாள். மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு தடவை நிதானமாகப் படித்துவிட்டு அவர் முன்னால் வைத்தாள்.

"கிழிக்காதீங்க சார். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. என் பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போட்டு இப்பவே பிரின்ட் எடுக்கச் சொல்லுங்க. மூணு காப்பி. ஒண்ணு எனக்கு. ஒண்ணு டாக்டர் கையில. ஒண்ணு கீழ நோட்டீஸ் போர்டுல. மூணையும் ஒரே எடத்துல வெக்காதீங்க."

கீதா யார் சொல்லுக்கும் காத்திருக்காமல் பிரின்டர் பக்கம் நடந்தாள். மூன்று தாள்களும் சூடாக வந்து மேஜையில் விழுந்தபோது பட்டாபிராமன் பேனாவைத் தேடினார். அது சர்வருக்கு அடியில் மாட்டியிருந்தது. காலேப் தன் சட்டைப் பையில் இருந்ததை எடுத்து, மூடியைக் கழற்றியே நீட்டினான்.